ஐம்பது பிரதி போதும்

1920இல் கடையத்தில் இருந்தபோது பாரதி தன் நண்பர்களுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். அதுவரை எழுதியதை எல்லாம் 40 புத்தகங்களாகப் பிரித்துப் போட வேண்டும், புத்தகத்துக்கு 10,000 பிரதி, ஆக மொத்தம் 4 லட்சம். ஆகிற செலவுக்குக் கடன் கொடுங்கள், வட்டியோடு திருப்பித் தருகிறேன் என்று கேட்டிருந்தார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் விற்பதைவிடச் சுலபமாகத் தன் புத்தகங்கள் விற்றுப்போகும் என்பது அவர் நம்பிக்கை. பணம் சேரவில்லை. மறு வருடம் செப்டம்பரில் அவரே போய்விட்டார்.

அந்தத் தீப்பெட்டியை என்னால் சும்மா கடந்து போக முடிவதில்லை. அவர் பிறந்த எட்டயபுரம் கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். அவர் அதை எழுதிய காலத்தில் நம்ம பக்கம் தீப்பெட்டித் தொழிலே கிடையாது. சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தொழில் படித்துவர கல்கத்தாவுக்குப் போனது 1922இல். அதற்குப் பிறகுதான் சிவகாசி, சாத்தூர், கோவில்பட்டி என்று தீப்பெட்டி ஆபீஸ்கள் பெருகின. பெட்டிக்கு மேல் ஒட்டுகிற லேபிளுக்காகச் சிவகாசியில் அச்சு இயந்திரங்கள் வந்தன. இன்றைக்கு நாட்டில் பாதி வீட்டுச் சுவரில் தொங்குகிற காலண்டர் அங்கே அடித்ததாக இருக்கும். ஆனால் இதே மண்ணில் இருந்துகொண்டு ஒரு நாவலை அச்சுக்குக் கொண்டுவர நம்ம ஆட்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

என் நாவலும் தீப்பெட்டி ஆபீஸைப் பற்றியதுதான். விடியுமுன் ஊர் ஊராக வந்து பொம்பளைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போன வேன், தீக்குச்சிக் கட்டை அடுக்கிக் காய்ப்புப் பிடித்த விரல், வாரக் கூலி, வட்டிக்கு வாங்கின முன்பணம். எண்பதுகளில் இந்தப் பக்கம் வளர்ந்த எவருக்கும் தெரிந்த கதை. முழுக்கக் கரிசல் பேச்சில் எழுதினேன். பிரிண்ட் ஆன் டிமாண்ட் முறையில், அதாவது கேட்கிற அளவுக்கு மட்டும் அச்சடிக்கிற முறையில், நானே வெளியிட்டேன். எப்படிப் போட்டாய், எவ்வளவு ஆச்சு, எவரிடம் கொடுத்தாய் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பீரோவுக்குள் கையெழுத்துப் பிரதி வைத்திருப்பவர்கள் நம்ம தாலுகாவில் எத்தனை பேர் என்பது அந்தக் கேள்விகள் வருகிற வேகத்திலேயே தெரிகிறது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் ரொம்பக் காலம் ஒரு புத்தகம் என்றால் ஆயிரம் பிரதி, அல்லது ஆயிரத்து இருநூறு. காரணம் இலக்கியம் இல்லை, இயந்திரம். ஆஃப்செட்டில் 16 பக்கம் ஒரு ஃபாரம். ஃபாரத்துக்கு ஃபாரம் பிளேட் போட வேண்டும். பிளேட்டுச் செலவும் மெஷினை ஓட்டத் தயார் செய்கிற கூலியும் வீணாகிற தாளும் நூறு பிரதிக்கும் ஒன்றுதான், ஆயிரம் பிரதிக்கும் ஒன்றுதான். கூட அடித்தால்தான் பிரதிக்கான அடக்கம் குறையும். அதனால் வாசகர் இருநூறு பேர்தான் என்று தெரிந்திருந்தாலும் ஆயிரம் அடித்தாக வேண்டும். மழை வரும் என்று நம்பி, ஈரமே இல்லாத கரிசலில் புழுதி விதைப்பு போடுகிற சம்சாரி மாதிரிதான் பதிப்பாளர்கள் இத்தனை காலம் இருந்தார்கள். நூலக ஆர்டர் வந்தால் பிழைத்தார்கள். வராத வருடம் கட்டுக்கட்டாகப் பரணில் கிடந்து கரையானுக்குப் போச்சு.

சி.சு. செல்லப்பாவை நினைத்துப் பாருங்கள். ‘எழுத்து’ பத்திரிகையை 1959இல் ஆரம்பித்து, அதற்குப் பிறகு எழுத்து பிரசுரமும் நடத்தி, புத்தகங்களைத் தானே மூட்டையாகத் தூக்கிக்கொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். கடைசிக் காலத்தில் ‘சுதந்திர தாகம்’ என்று மூன்று பாக நாவல். அதையும் 1997இல் தானே போட்டார். அடுத்த வருடம் டிசம்பரில் இறந்தார். சாகித்ய அகாதெமி விருது 2001இல் வந்தது, அதை வாங்க அவர் இல்லை. அந்த வயதில் அவ்வளவு பெரிய நாவலின் அச்சுச் செலவையும் அவரே சுமக்க வேண்டியிருந்ததே என்பது என்னை இன்றும் வருத்துகிறது. ஐம்பது செட் அடித்து, அது தீர்ந்ததும் இன்னொரு ஐம்பது என்று போட ஒரு வழி இருந்திருந்தால்!

அந்த வழி இப்போது இருக்கிறது. அமெரிக்காவில் லைட்னிங் சோர்ஸ் 1997இல் இதைத் தொழிலாகவே தொடங்கியது. 2002இல் லுலு வந்து, எழுதுகிற எவரும் தன் கோப்பைத் தானே ஏற்றலாம் என்று ஆக்கியது. நம் நாட்டில் பெங்களூரிலிருந்து போத்தி.காம் 2008இல், சென்னையிலிருந்து நோஷன் பிரஸ் 2012இல். இப்போது தமிழ்ப் பதிப்பகங்களே பல இந்த வழிக்கு வந்துவிட்டன. முதலில் நூறு அடித்துப் பார்ப்பது, விற்றால் மறுபடி அடிப்பது. ‘அச்சில் இல்லை’ என்கிற நிலைமையே ஒரு புத்தகத்துக்கு வராமல் போக வழி பிறந்திருக்கிறது.

நான் சென்னைக்கோ பெங்களூருக்கோ போவதற்கு முன்னால் சிவகாசிக்குப் போனேன். சாத்தூர் தாண்டினால் சிவகாசி, பக்கத்து ஊர் மாதிரி. ஆடிப்பதினெட்டு கழிந்த நேரம். அன்றைக்குத்தான் காலண்டர் ஆல்பம் வெளியிடுவார்கள், அதிலிருந்து தை வரைக்கும் அந்த ஊருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. முருகனும் லட்சுமியும் ஈர மையோடு அடுக்கடுக்காக இறங்கிக்கொண்டிருந்தார்கள். அச்சகக்காரர் என் வயதுதான். ஐம்பது பிரதி என்று சொன்னதும் முகம் சுளிக்கவில்லை.

“ஐம்பதுக்குப் பிளேட் போட்டா உங்களுக்குக் கட்டாது அண்ணாச்சி. அந்தா, அந்த மெஷின்ல போட்டுருவோம். பிடிஎஃப் சுத்தமா இருக்கா?”

அந்தா என்று அவர் காட்டியது ஒரு பீரோவைப் படுக்கப் போட்ட அளவுக்கு ஒரு டிஜிட்டல் மெஷின். பிளேட் கிடையாது. கோப்பைக் கொடுத்தால் தாளின் இரண்டு பக்கமும் அடித்து, பக்க வரிசைப்படியே அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. கனமான ஆர்ட் போர்டில் அட்டை தனியாக வருகிறது, அதற்கு மேட் லேமினேஷன். பிறகு பைண்டிங் மெஷின். அடுக்கிய தாளின் முதுகைக் கத்தி லேசாகச் சுரண்டி சொரசொரப்பாக்குகிறது, கொதிக்கிற கோந்து உருளை தடவுகிறது, அட்டை வந்து கவ்வுகிறது. கடைசியில் மூன்று பக்கமும் வெட்டு. என் கைக்கு வந்தபோது முதுகு இன்னும் சூடாக இருந்தது. “உடனே விரிச்சுப் பாக்காதீங்க அண்ணாச்சி, கோந்து ஆறட்டும்” என்றார் அவர். நான் கேட்கவில்லை. எப்படிக் கேட்க முடியும்?

ஒரு பிரதியை அச்சகத்தில் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் எந்த இணைய நிறுவனத்திலும் கோப்பை ஏற்ற வேண்டும் என்பேன். திரையில் தெரியாத பிரச்சினை எல்லாம் கையில் எடுத்ததும் தெரியும். முதலாவது உள்பக்க ஓரம். 200 பக்கத்துக்கு மேல் போனால் முதுகுப் பக்கம் முக்கால் அங்குலத்துக்குக் குறையாமல் விட வேண்டும், இல்லாவிட்டால் வரியின் கடைசி எழுத்தை பைண்டிங் விழுங்கிவிடும். இரண்டாவது தாள். பளீர் வெள்ளையைவிட நேச்சுரல் ஷேட் கண்ணுக்கு நல்லது, டோனர் மையின் மினுமினுப்பும் அதில் கொஞ்சம் அடங்கும். மூன்றாவது அட்டை. நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள். லேமினேஷன் சரியில்லை என்றால் அட்டை அப்பளமாகச் சுருளும்.

இதைவிடப் பெரிய தலைவலி எழுத்துரு. தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் பாமினி, வானவில் மாதிரி பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்து வைத்தவர்கள் ஏராளம். யூனிகோடுக்கு மாற்ற என்ஹெச்எம் கன்வெர்ட்டர் போன்ற கருவிகள் இலவசமாகவே உண்டு. ஆனால் மாற்றிய பிறகு வரிக்கு வரி படிக்க வேண்டும். துணைக்கால் வர வேண்டிய இடத்தில் ‘ர’ உட்கார்ந்திருக்கும், இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால் கண் தாண்டிப் போய்விடும். ‘கொ’வும் ‘கோ’வும் உடைந்து, கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் என்று நிற்கும். எங்கேயாவது புள்ளி வட்டம் ஒன்று தனியாக முளைத்திருக்கும். இன்டிசைனில் பக்கம் அமைப்பதாக இருந்தால் வேர்ல்டு ரெடி கம்போசரை முதலிலேயே தேர்ந்தெடுத்துவிடுங்கள், பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். இன்டிசைனுக்குக் காசில்லை என்றால் லிப்ரே ஆபீஸே போதும். தமிழ் யூனிகோடை அது ஒழுங்காகவே பிடிஎஃப் ஆக்கித் தருகிறது. பிடிஎஃப்புக்குள் எழுத்துரு பதிந்திருக்கிறதா என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் கைவேலை, எவரும் பழகிக்கொள்ளலாம். எனக்கு இந்த முறை மேல் பிடிப்பு வந்த காரணமே வேறு.

இந்த நாவலை நான் முதலில் ஒரு பதிப்பகத்துக்குத்தான் கொடுத்தேன். படித்தார்கள், மரியாதையாகப் பேசினார்கள். வட்டார வழக்கைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள், மதுரைக்கு வடக்கே புரியாது என்றார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதல் போட்டு ஆயிரம் அடிக்கிறவர் ஆயிரம் பேருக்குப் புரிய வேண்டும் என்று நினைப்பது நியாயம். ஆனால் அந்த ஆயிரம் என்கிற எண்ணே இப்போது தேவையில்லையே! ஐம்பது பேருக்குப் புரிந்தால் போதும் என்று இருந்தால், என் ஆச்சி பேசிய பேச்சை நான் ஏன் வெளுக்க வேண்டும்? ஆபீஸில் கணக்குப்பிள்ளை வைகிற வசவையும், கட்டை அடுக்குகிற பிள்ளைகள் அவனுக்குக் கேட்காமல் திருப்பி வைகிறதையும் புத்தகத் தமிழில் எழுதினால் அது வேறு எந்த ஊரிலோ நடந்த கதையாகிவிடும்.

நம்ம மண்ணில் இதற்கு முன்னோடிகள் உண்டு. இடைசெவல் கி. ராஜநாராயணன் பேச்சுமொழியை வைத்துக்கொண்டே நாவல் எழுதினார். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. அதைப் போட்டது லட்சுமி கிருஷ்ணமூர்த்தியின் வாசகர் வட்டம். அவர்கள் செய்த காரியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். புத்தகத்தை அடித்துவிட்டு வாசகரைத் தேடவில்லை. உறுப்பினர்களாக வாசகரைச் சேர்த்து வைத்துக்கொண்டு அவர்களுக்காகப் புத்தகம் போட்டார்கள். பெரிய எண்ணிக்கை இல்லை. ஆனால் தி. ஜானகிராமனின் ‘அம்மா வந்தாள்’ அப்படித்தான் வந்தது, சா. கந்தசாமியின் ‘சாயாவன’மும் அப்படித்தான். கி.ரா.வோ நாவலோடு நிற்காமல் கரிசல் வட்டார வழக்குக்கு அகராதியே தொகுத்தார். 1982இல் கவிஞர் மீராவின் அன்னம் அதை வெளியிட்டது. இந்தப் பேச்சுக்கு அகராதி போட்டால் வாங்க ஆள் இருக்குமா என்று மீரா யோசித்து உட்கார்ந்திருந்தால் நமக்கு அந்தச் சொற்களில் பாதி போயிருக்கும்.

பதிப்பகம் இல்லை என்றால் வேலை குறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள், கூடும். வெட்டு, இது வேண்டாம், இந்த அத்தியாயம் இழுக்கிறது என்று சொல்கிற ஒரு ஆள் கட்டாயம் வேண்டும். கோப்பை ஏற்றினால் எந்த நிறுவனமும் எதையும் கேட்காமல் அச்சடித்துக் கொடுக்கும், இந்த முறையின் பெரிய ஆபத்தே அதுதான். நான் என்ன செய்தேன் என்றால், அத்தியாயம் அத்தியாயமாகத் தாளில் எடுத்து, தீப்பெட்டி ஆபீஸில் முப்பது வருடம் கிடந்த எங்கள் தெரு அக்காவிடம் வாசித்துக் காட்டினேன். இலக்கியம் என்று ஒரு வார்த்தை அவர் பேசவில்லை. “இந்த இடத்துல அவ இவ்வளவு பேச மாட்டா தம்பி. வேலை முடிஞ்சு வந்தா வாயே தொறக்க முடியாது, மருந்து நெடி தொண்டையைப் புடிச்சுரும்” என்றார். ஒன்றரைப் பக்க வசனத்தை நாலு வரியாக்கினேன். அதைவிடச் சிறந்த எடிட்டிங் எனக்கு வேறெங்கும் கிடைத்திருக்காது.

மெய்ப்புப் பார்ப்பதிலும் ஒரு சங்கதி. வழக்குச் சொற்களை எல்லாம் கணினி சிவப்புக் கோடு போட்டுக் காட்டும், பழக்கப்பட்ட மெய்ப்பாளர் கை தன்னையறியாமல் திருத்திவிடும். அதனால் நாவலில் வருகிற வழக்குச் சொல் ஒவ்வொன்றுக்கும் எழுதுகிற முறை இதுதான் என்று ஒரு பட்டியல் போட்டு முதலிலேயே கொடுத்துவிட்டேன். ஒரே சொல் முதல் அத்தியாயத்தில் ஒரு மாதிரி, பத்தாவதில் ஒரு மாதிரி வந்தால் வழக்கு என்று வாசகர் எடுத்துக்கொள்ள மாட்டார், பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார்.

இனிப் பணம். சுற்றி வளைக்காமல் கணக்கைச் சொல்கிறேன். 200 பக்க டெமி அளவுப் புத்தகம், விலை 250 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றிரண்டாக அடித்தால் அடக்கம் ஏறக்குறைய 120 ஆகிறது என்று வைப்போம். ஆயிரம் பிரதி ஆஃப்செட்டில் அடித்தால் அதில் பாதிதான் ஆகும், ஆனால் அறுபதாயிரம் ரூபாயை முன்னாலேயே எண்ணி வைக்க வேண்டும். இணையக் கடை வழியாக விற்றால் அவர்கள் பங்கு போய்க் கையில் நிற்பது முப்பதோ நாற்பதோ. நீங்களே நேரில் விற்றால் 130 நிற்கும். தபாலில் அனுப்பினால் அதிலும் ஒரு பங்கு தபாலுக்குப் போகும். பதிவுத் தபாலில் புத்தகத்துக்கென்று இருந்த சலுகைக் கட்டணத்தை 2024 டிசம்பரில் அஞ்சல் துறை எடுத்துவிட்டது, சிறு பதிப்பாளர்களுக்கு அது பெரிய அடி. அதனால் இதில் பிழைப்பு நடக்கும் என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். கைக்காசு போகாமல் புத்தகம் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான் இதில் எதிர்பார்க்க முடியும். எனக்கு அது போதும்.

கைக்காசைப் பிடுங்குகிற இடங்களும் இருக்கின்றன. எனக்கு ஒரு நிறுவனத்திலிருந்து போன் மேல் போன். தங்கத் திட்டம், வைரத் திட்டம் என்று நகைச்சீட்டு போல அடுக்கினார்கள். வெளியீட்டு விழா, சான்றிதழ், பத்திரிகையில் பேட்டி எல்லாம் சேர்த்துப் பல ஆயிரம். புத்தகத்தை ஒரு வரி படித்தீர்களா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. புத்தகம் போடுவதற்கு முன்னால் உங்களிடம் பணம் கேட்கிறவர் வாசகருக்கு விற்கப் போவதில்லை, உங்களுக்குத்தான் விற்கிறார். ஐஎஸ்பிஎன் எண்ணுக்குக் கட்டணம் என்று சொன்னால் உடனே எழுந்து வந்துவிடுங்கள். நம் நாட்டில் ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள அரசு முகமை அதை இலவசமாகவே தருகிறது, எழுத்தாளர் தன் பெயரிலேயே இணையத்தில் விண்ணப்பிக்கலாம்.

இன்னொன்றும் செய்யுங்கள், நம்மில் அநேகம் பேர் செய்வதில்லை. 1954ஆம் வருடத்து நூல் வழங்கல் சட்டப்படி வெளியாகிற ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாராவுக்கும், மும்பை, டெல்லி நூலகங்களுக்கும் போக வேண்டும். பெரிய பதிப்பகம் என்றால் அவர்கள் அனுப்புவார்கள். நாமே பதிப்பாளர் என்றால் நாம்தான் அனுப்ப வேண்டும். நான் கூடவே சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். பிரிண்ட் ஆன் டிமாண்டில் போட்ட புத்தகம் ஒரு நிறுவனத்தின் கணினியில் இருக்கிற கோப்பு மட்டும்தான். நிறுவனம் கடையைச் சாத்தினால் கோப்பும் போகும். தாளில் நாலு பிரதி நல்ல இடத்தில் இருந்தால், நூறு வருடம் கழித்தும் தீப்பெட்டி ஆபீஸ் எப்படி இருந்தது என்று எவராவது எடுத்துப் படிக்கலாம்.

சரி, ஐம்பது பேர் எங்கே கிடைப்பார்கள்? கோவில்பட்டிக்காரர்களுக்கு இந்தக் கேள்வியே வரக் கூடாது. எழுபது எண்பதுகளில் இந்த ஊரில் சாயங்காலமானால் காந்தி மைதானத்தில் உட்கார்ந்து விடிய விடியக் கதை பேசினவர்கள் எத்தனை பேர் எழுத்தாளர் ஆனார்கள்! தேவதச்சன் நகைக்கடையில் உட்கார்ந்துகொண்டே கவிதை எழுதினார். ‘கல்குதிரை’ சிற்றிதழ் இந்த ஊரிலிருந்துதான் வந்தது. தடித்தடியாக, நினைத்த நேரத்தில், தஸ்தயேவ்ஸ்கிக்கு ஒரு சிறப்பிதழ், மார்க்வெஸுக்கு ஒரு சிறப்பிதழ் என்று. அதைக் கடையில் பார்த்து வாங்கினவர்களைவிட, பஸ் ஏறி வந்த அதன் ஆசிரியர் கையிலிருந்து வாங்கினவர்கள்தான் அதிகம். பூமணியும் சோ. தர்மனும் இந்தச் சுற்று வட்டாரத்தில் இருந்துகொண்டே எழுதி, 2014இல் ‘அஞ்ஞாடி’க்கும் 2019இல் ‘சூல்’ நாவலுக்கும் சாகித்ய அகாதெமி விருது வாங்கினார்கள். கண்மாயையும் சம்சாரியையும் எழுதினால் படிக்க ஆளில்லை என்று இந்த ஊரில் எவரும் சொல்ல முடியாது.

ஆக, அச்சடிப்பதற்கு முன்னால் ஆளை எண்ணுங்கள். நான் ஒரு நோட்டில் பெயர் எழுதினேன். நாவலை வாசித்துக் கேட்டவர்கள், கதை சொன்னவர்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போன சேக்காளிகள், உள்ளூர்த் தமிழாசிரியர்கள். ஐம்பதைத் தாண்டியதும்தான் சிவகாசிக்குப் போன் போட்டேன். புத்தகங்களைப் பையில் போட்டுக்கொண்டு கயத்தாறு, கழுகுமலை, விளாத்திகுளம் என்று போய்க் கையில் கொடுத்தேன். காசு கொடுத்து வாங்கினார்கள். கொடுக்க முடியாதவர்கள் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைக் கையில் திணித்தார்கள். இணையத்தில் போட்ட பிரதி வேறு ஒரு வேலை செய்தது. அது எனக்கு முகம் தெரியாத ஊர்களுக்குப் போனது. இரண்டும் வேண்டும். ஆனால் எது முதலில் என்று கேட்டால் பைதான் முதலில்.

இப்படிப் போன இடத்தில்தான் நான் யோசித்தே இராத ஒன்று நடந்தது. கதையில் வருகிற மாதிரி வேனில் போய் வேலை பார்த்த பெண்களுக்கு இப்போது ஐம்பது, அறுபது வயது. பலர் பள்ளிக்கூடம் போனதில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் வந்தபோது ராத்திரி விளக்கடியில் எழுத்துக் கற்றவர்கள். அப்போது அவர்கள் கையில் கொடுத்தது பெரிய பெரிய எழுத்தில் அடித்த சின்னக் கதைப் புத்தகங்கள். என் நாவலை வாங்கிப் புரட்டிய ஒரு அம்மா, “பேரெல்லாம் நம்ம பேராத்தான் இருக்கு. ஆனா எழுத்து எறும்பு மாதிரில்லா இருக்கு எய்யா, எப்படிப் படிக்க?” என்று பேத்தியிடம் நீட்டினார்.

ஆஃப்செட்டில் ஆயிரம் அடித்து வீட்டில் அடுக்கியிருந்தால் அந்தப் பேச்சைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருவதைத் தவிர எனக்கு வேறு வழி இருந்திருக்காது. இப்போது கோப்பு என்னிடம் இருக்கிறது. எழுத்தளவை பதினொன்றிலிருந்து பதினாறாக்கினேன், வரிக்கு வரி இடைவெளி கூட்டினேன், பக்க அளவையும் டெமியிலிருந்து ஒரு சுற்று பெரிதாக்கினேன். பக்கம் கூடியது, அடக்கமும் கூடியது, விலையைக் கூட்டவில்லை. சிவகாசி அச்சகக்காரர் என்ன ஏது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, “எங்க அம்மாவுக்கும் ஒண்ணு சேத்துப் போடுறேன் அண்ணாச்சி, அதுவும் கட்டை அடுக்குனதுதான்” என்றார்.

நம் பாட்டிமார் காலத்தில் சந்தையிலும் திருவிழாவிலும் தரையில் பரப்பி வைத்து நல்லதங்காள் கதையும் விக்கிரமாதித்தன் கதையும் விற்பார்கள். அட்டையிலேயே ‘பெரிய எழுத்து’ என்று போட்டிருக்கும், அதைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். நானும் அட்டையில் நாவல் பெயருக்கு மேலே அந்த இரண்டு சொல்லையும் போட்டிருக்கிறேன். முதலில் பத்துப் பிரதி அடித்திருக்கிறோம். வருகிற ஞாயிற்றுக்கிழமை நாலாட்டின்புத்தூர்ப் பக்கம் கொண்டு போகிறேன். உங்கள் வீட்டிலும் கட்டை அடுக்கின ஆச்சியோ அத்தையோ இருந்தால் சொல்லுங்கள், அடுத்த முறை சேர்த்து அடித்துவிடலாம்.